போய் வா, தம்பி!

ஒரு நிமிடம் உங்களை லண்டன்வாசியாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருடம் 1922. முதல் உலகப் போர் முடிந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஜெயித்த நாடுதான். ஆனால், வேலை இல்லை. உங்கள் வீட்டில் பதினாறு வயதில் ஒரு பையன். பதினாலு வயதிலேயே பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ரெண்டு வருஷமாக எடுபிடி வேலை, அப்புறம் அதுவும் இல்லை. சாயங்காலமானால் தெருமுனை, நாலு சிநேகிதர்கள், கடன் வாங்கிய சிகரெட்.

அந்த வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பையன்கள் தேவை. வயது 15 முதல் 18. பண்ணை வேலை. மூன்று வருட ஒப்பந்தம். கப்பலில் ஏறினால் போய்ச் சேர ஆறு வாரம். சம்பளத்தில் கொஞ்சம்தான் கைக்கு வரும்; பாக்கியை அரசாங்கமே சேர்த்து வைத்துப் பிற்பாடு தரும். நல்ல காற்று, வயிறு நிறையச் சாப்பாடு. பையன் கெட்டிக்காரனாக இருந்தால் ஒருநாள் சொந்த நிலமே வாங்கிவிடலாம்.

அனுப்புவீர்களா?

அவசரப்பட்டு 'சேச்சே, மாட்டேன்' என்று சொல்லாதீர்கள். வீட்டு வாடகை பாக்கி இருக்கிறது. பையனுக்குக் கீழே இன்னும் நாலு பேர். பையனே வேறு 'நான் போறேம்மா' என்று குதிக்கிறான். பதினாறு வயதில் குதிரை, கப்பல், கங்காரு என்றால் எவன்தான் குதிக்க மாட்டான்?

கற்பனையை விடுங்கள், இது நிஜத் திட்டம். இதைக் கொண்டுவந்தவர் அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் பிரீமியராக (நம் ஊர் கணக்கில் முதல்வர்) இருந்த ஹென்றி பார்வெல். ஆறாயிரம் பையன்களை வரவழைப்பது அவர் திட்டம். ஏன் ஆறாயிரம்? போருக்குப் போன தெற்கு ஆஸ்திரேலிய இளைஞர்களில் ஏறத்தாழ அவ்வளவு பேர் திரும்பி வரவில்லை. கடையில் சரக்கு தீர்ந்தால் கொள்முதல் செய்து நிரப்புவோமே, அந்த மாதிரி. கடைசியில் வந்து சேர்ந்தது சுமார் 1,400 பேர்தான். 'பார்வெல் பையன்கள்' என்று அவர்களுக்குப் பெயரே நிலைத்துவிட்டது.

அதே 1922-ல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 'பேரரசுக் குடியேற்றச் சட்டம்' என்று ஒன்றை நிறைவேற்றியது. தன் மக்களைக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேற்றுவதற்கு ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டு வரை பிரிட்டன் செலவழிக்கலாம். திட்டச் செலவில் பாதியை அந்தந்த நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலேயே பயிற்சிப் பண்ணைகள் முளைத்தன. நகரத்துப் பையன்களுக்கு மாட்டை எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்று சொல்லிக்கொடுத்து, பெட்டி கட்டி, ரயிலேற்றி, துறைமுகத்தில் கையசைத்து அனுப்பினார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுகிற வியாதி உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு வரவு: வேலையில்லாதவர் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. உள்ளூர் நிர்வாகத்துக்கு வரவு: ஏழைக் குழந்தையைக் காலம் முழுக்கப் பராமரிப்பதைவிட ஒரு கப்பல் டிக்கெட் மலிவு. ஆஸ்திரேலிய விவசாயிக்கு வரவு: உள்ளூர்க்காரன் வாங்கும் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு ஓர் ஆள். (அங்கிருந்த தொழிற்சங்கங்கள் இதைச் சொல்லித்தான் கத்தின.) பேரரசுக்கு வரவு: வெள்ளைக்காரர்களின் எண்ணிக்கை கூடுகிறது; இந்த நோக்கத்தை அவர்கள் மறைக்கக்கூட இல்லை. அனுப்பிவைத்த தர்ம ஸ்தாபனத்துக்கு வரவு: புண்ணியம், கூடவே நன்கொடை.

பையனுக்கு? அவனுக்கும் வரவு இருக்கிறது, மறுக்கவில்லை. சோறு, காற்று, ஒரு தொழில். ஆனால், பற்றுப் பக்கம் முழுக்க அவன் பெயரில் மட்டுமே இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? அம்மா, தம்பி தங்கை, தெரு, சிநேகிதம் எல்லாவற்றையும் கொடுப்பவன் அவன் ஒருத்தன்தான். ஒரு பேரத்தில் எல்லாருக்கும் லாபம், விலை கொடுப்பவர் மட்டும் ஒரே ஒருவர், அந்த ஒருவருக்கும் வயது பதினாறு என்றால் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது.

இதை ஆரம்பித்து வைத்தவர் பார்வெல் இல்லை. அவருக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பே கடை திறந்துவிட்டார்கள். பதினாறு வயதைவிடச் சின்னவர்களைக் கொண்டு.

1869-ல் மரியா ரை என்ற பெண்மணி லண்டன், லிவர்பூல் பக்கத்துப் பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கனடா போனார். நயாகரா அருகே ஒரு பழைய சிறைச்சாலையை வாங்கி, வெள்ளையடித்து, அதைக் குழந்தைகள் இல்லமாக ஆக்கினார். அங்கிருந்து பண்ணை வீடுகளுக்கு விநியோகம். அடுத்தடுத்து ஆனி மெக்ஃபர்சன், டாக்டர் பர்னார்டோ என்று வரிசையாக வந்தார்கள். 1930-கள் வரை கனடாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 'அநாதைகள்' என்று பெயர். பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் காரணம். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமலேயே சில பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதை பர்னார்டோ மறைக்கவில்லை. தர்ம காரியத்துக்காகச் செய்யும் கடத்தல் என்று அவரே அதற்கு ஒரு பெயரும் வைத்து, அதை நியாயப்படுத்தி எழுதவும் செய்தார்.

1870-களில் ஆண்ட்ரூ டாயில் என்ற அரசு இன்ஸ்பெக்டரைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். மனுஷன் ஆபீஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை. பண்ணை பண்ணையாகப் போய்க் குழந்தைகளிடமே பேசினார். ஒரு சிறுமி அவரிடம் 'தத்து எடுப்பது' என்றால் என்ன என்று விளக்கினாள்: சம்பளம் இல்லாமல் வேலை செய்ய ஒரு பெண் கிடைப்பதுதான் தத்து.

தத்துவப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது.

டாயில் அறிக்கை 1875-ல் வந்தது. கொடுத்துவிட்டுப் போன பிறகு யாரும் இந்தக் குழந்தைகளை எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் அவர் சொன்ன பெரிய குற்றச்சாட்டு. அனுப்பியவர்களுக்குக் கோபம் வந்தது. அரசாங்கம் தன் பொறுப்பில் இருந்த குழந்தைகளை அனுப்புவதைச் சில வருடங்கள் நிறுத்தி வைத்தது. 1880-களில் மறுபடி ஆரம்பித்தாயிற்று.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்கன்டைல் லா பாடத்தில் ஒரு வழக்கு கட்டாயம் வரும். மொஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903. மைனர் ஒருவன் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்ற தீர்ப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பைச் சொன்னது எங்கே? லண்டனில் இருந்த ப்ரிவி கவுன்சில். கல்கத்தாவில் வீட்டை அடமானம் வைத்த பையன் மைனர். அவன் போட்ட கையெழுத்து காகிதத்துக்குக்கூட ஆகாது. அதே லண்டனில், அதே வருடங்களில், பத்து வயதுக் குழந்தையின் சம்மதத்தை நம்பிக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

'வேலை பழகும் ஒப்பந்தம் அப்படியில்லை. மைனரின் நன்மைக்கானது என்றால் இங்கிலாந்துச் சட்டத்தில் செல்லுமே' என்று வக்கீல் வாசகர்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. சரிதான். நான் நிற்க விரும்பும் இடமும் அதுதான். 'அவன் நன்மைக்காக' என்ற அந்த ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். யாருடைய நன்மை என்று தீர்மானிப்பது யார்?

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் மைக் கொடுக்க வேண்டும். ஏனென்றால், அனுப்பியவர்கள் எல்லாரும் வில்லன்கள் இல்லை. வில்லன்களாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் என்று ஒருவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து ரொடீஷியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், வளர்ந்தவர். முதல் தடவை இங்கிலாந்து வந்தபோது லண்டனின் கிழக்குப் பகுதியைப் பார்க்கிறார். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், சாக்கடை, காசநோய், சோகை பிடித்த பிள்ளைகள். அவர் வளர்ந்த ஊரிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம். உழ ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறது, அங்கே மண் இருக்கிறது, ரெண்டையும் சேர்த்துவிட்டால்? இருபத்து நாலு வயதில், 1909-ல், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருக்கும்போதே சங்கம் ஆரம்பித்துவிட்டார். 1912-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பின்ஜாராவில் பண்ணைப் பள்ளி. கையில் காசில்லாமல், கூடாரத்தில் மனைவியோடு, பிள்ளைகளோடு பிள்ளையாக அவரும் மண்வெட்டி பிடித்தார். 1924-ல் முப்பத்தொன்பது வயதில் செத்தே போனார்.

அவரை என்ன சொல்வீர்கள்? அவர் எதிரே நின்று 'குழந்தைகளை அனுப்பாதீர்கள்' என்று சொன்னால், 'சரி, இந்தச் சந்திலேயே இருமிச் சாகட்டுமா?' என்று கேட்பார். நியாயமான கேள்வி. அனுப்புவதற்கு ஒரு விலை இருப்பதுபோல் அனுப்பாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. சும்மா இருப்பவன் கை சுத்தம் என்று நினைப்பது நம்முடைய சௌகரியம்.

ஆனால் ஃபேர்பிரிட்ஜ் கணக்கில் ஒரு ஓட்டை, அவர் சாமர்த்தியத்தையும் மீறி, முதல் வரியிலேயே இருக்கிறது. நிலம் காலியாக இருக்கவில்லை. அவர் பள்ளி கட்டிய அதே பின்ஜாராவில் 1834 அக்டோபரில் கவர்னர் ஸ்டிர்லிங் தலைமையில் போன ஆட்கள், அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான நூங்கர் மக்களை ஆற்றங்கரையில் வைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். காலியாக இருந்த நிலமில்லை, காலி செய்யப்பட்ட நிலம். லண்டனில் இடமில்லாத பையனுக்கு அங்கே இடம் கிடைத்ததற்கு, யாரோ ஒருவருக்கு இடமில்லாமல் போனதும் ஒரு காரணம். பாவம், பையனுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

நம் வீடுகளில் ஒரு பழக்கம். வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் பாட்டி அதட்டுவாள். 'போயிட்டு வர்றேன்னு சொல்லுடா!' வழியனுப்புகிறவரும் 'போ' என்பதில்லை, 'போய் வா.' மூட நம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். எனக்கென்னவோ, ஒருத்தரை ஊருக்கு அனுப்பிவைக்கிறவரின் கடமை மொத்தமும் அந்த 'வா'வுக்குள் இருக்கிறது என்று தோன்றுகிறது. போகிறவனுக்கு அங்கே பிடிக்காமல் போகலாம். வேலை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முதலாளி பெல்ட்டைக் கழற்றுகிற ரகமாக இருக்கலாம். அன்றைக்கு அவன் திரும்பி வர ஒரு வழி வைத்துவிட்டுத்தான் 'போ' என்று சொல்ல வேண்டும். வழி இல்லாவிட்டால் அதற்கு ஊக்குவிப்பது என்று பெயரில்லை. நாகரிகமாகத் தள்ளிவிடுவது.

பிரிட்டிஷ் பையன்களுக்கு இந்த 'வா' கிடையாது. போக டிக்கெட் மலிவு, பலருக்கு இலவசம். வர டிக்கெட் முழு விலை. பண்ணைக் கூலியில், அதுவும் கைக்கு வராத கூலியில், அதைச் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும்? பர்னார்டோ பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கனடாவில் சம்பாதித்ததை இல்லத்தார் வங்கியில் போட்டு, வயது வந்த பிறகே கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான், வீணாகச் செலவழித்துவிடக் கூடாதே என்று. ஆனால், கையில் காசில்லாதவன் முதலாளியிடம் 'உன் வேலையே வேண்டாம்' என்று சொல்ல முடியாது என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

1914-ல் போர் வந்தது. கனடாவிலிருந்து இந்தப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ராணுவத்தில் சேர்ந்தார்கள். தேசபக்தி என்று பேப்பரில் எழுதினார்கள், அதுவும் இருந்திருக்கும். ஆனால் கப்பல் இங்கிலாந்து வழியாகத்தான் போகும். லீவு கிடைத்தால் அம்மாவைத் தேடலாம், அண்ணனைத் தேடலாம். பையன்களுக்குக் கிடைத்த இலவச ரிட்டர்ன் டிக்கெட் உலகப் போர்தான். பிரான்சில் இறக்கிவிட்டபின் அந்த டிக்கெட் பலருக்குச் செல்லாமல் போயிற்று.

இதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு ஜன்னலையும் பார்த்துவிடலாம். 1922 என்றேனே, அதே வருடம் இந்தியாவிலும் ஒரு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கங்காணிகள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆள் பிடித்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம். தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்களாம். மலையகத்தில் இன்றைக்கும் கசப்போடு சொல்வார்கள். (பின்னாளில் ஆஸ்திரேலியா போன பிரிட்டிஷ் குழந்தைகளிடம், 'காலையில் ஆரஞ்சு பறித்துத் தின்னலாம், குதிரையில் பள்ளிக்கூடம் போகலாம்' என்றார்கள். ஆள் பிடிக்கிறவனுக்கு உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டம்.) அப்படிப் போனவர்கள் பட்ட பாடும் அதற்கு எதிராக இங்கே எழுந்த குரல்களும் சேர்ந்து அரசாங்கத்தை அசைத்தன. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒன்று: போன ஓராண்டுக்குள் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, வேலை பொருந்தவில்லை, அநியாயமாக நடத்தினார்கள் என்றால் தொழிலாளி செலவில்லாமல் ஊர் திரும்பலாம்.

காகிதத்தில் இருந்ததெல்லாம் தோட்டத்தில் நடந்ததா? இல்லை. இலங்கையின் லயத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்தபோது மலேயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அது 'வா' இல்லை, 'போதும், போ' என்பதன் இன்னொரு வடிவம். ஆனாலும் கறுத்த கூலிக்குக் காகிதத்திலாவது எழுதி வைத்த ஒரு வாசலை, தங்கள் சொந்த ரத்தம் என்று அவர்கள் மேடைதோறும் கொண்டாடிய பையனுக்கு எழுதி வைக்கவில்லை. கூலிக்காகக் குரல் கொடுக்க காந்தி, கோகலே என்று ஆட்கள் இருந்தார்கள். லண்டன் சந்துப் பையனுக்கு யாரும் இல்லை. அவனை அனுப்புவதே அவனுக்காகக் குரல் கொடுப்பது என்று அவன் ஊர்ப் பெரியவர்கள் நம்பினார்கள்.

நல்ல முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 1925-ல் ரிச்சர்ட் லின்டன் என்ற மெல்போர்ன் வியாபாரி 'பெரிய அண்ணன் இயக்கம்' ஆரம்பித்தார். (டி.வி.யில் வருகிற பிக் பிரதர் இல்லை, அதற்கெல்லாம் முந்தியவர்.) வருகிற ஒவ்வொரு பையனுக்கும் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய மனிதர் அண்ணன் ஸ்தானத்தில் பொறுப்பு. கடிதம் போடலாம், கஷ்டம் சொல்லலாம். எனக்குப் பிடித்த யோசனை இது. அக்கரையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதே பாதி பலம். அண்ணன் நகரத்தில், தம்பி எங்கோ உள்நாட்டுப் பண்ணையில் என்று ஆனபோது அந்தப் பலம் எவ்வளவு தூரம் எட்டியிருக்கும் என்பது வேறு விஷயம். இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி: அனுப்பியாயிற்று, பார்த்துக்கொள்வது யார்?

1924-ல் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு தலைமையில் ஒரு குழு கனடா போய்ப் பார்த்தது. பள்ளி வயது முடியாத பிள்ளைகளைத் தனியே அனுப்புவதை நிறுத்துங்கள் என்றது. மறு வருடம் கனடா, 14 வயதுக்குக் கீழே துணையில்லாமல் வரும் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியது. கவனியுங்கள், கனடாதான் சாத்தியது. பிரிட்டன் என்ன செய்தது? சின்னக் குழந்தைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. 1956-ல் பிரிட்டிஷ் அரசே அனுப்பிய இன்னொரு குழு, ஜான் ராஸ் தலைமையில், ஆஸ்திரேலியப் பண்ணைப் பள்ளிகளையும் விடுதிகளையும் பார்த்துவிட்டு வந்தது. பல இடங்களைப் பற்றிப் பயங்கரமான குறிப்புகள். அவற்றை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அனுப்புவது 1970 வரை நிற்கவில்லை. டாயிலில் இருந்து கணக்கெடுத்தால் தொண்ணூற்றைந்து வருஷம்.

இத்தனைக்கும் அவர்களுக்குத் தெரியாமல் நடக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. போய்ப் பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அனுப்பியவர்கள் போய்ப் பார்க்காததற்கும், பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்காததற்கும் காரணம் கொடூரம் இல்லை என்று நினைக்கிறேன். நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தி. அந்தத் திருப்தியைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனசு வருவதில்லை. நாம் பரிந்துரை செய்து வேலையில் சேர்த்துவிட்ட பையன் போன் பண்ணினால், 'நல்லா இருக்கியாப்பா?' என்று கேட்போம். 'நல்லா இல்ல சார்' என்று அவன் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில், பதிலுக்குக் காத்திராமல் 'சந்தோஷம், சந்தோஷம்' என்போம்.

1986-ல் நாட்டிங்ஹாம் நகரத்தில் சமூகப் பணியாளராக இருந்த மார்கரெட் ஹம்ஃப்ரீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்ட ஒரு பெண், தன் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். நாலு வயதுக் குழந்தை தனியாகக் கப்பலிலா, இருக்காதே என்றுதான் ஹம்ஃப்ரீஸ் முதலில் நினைத்தார். தோண்டத் தோண்ட ஆயிரக்கணக்கானவர்கள். உன் அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், உயிரோடிருந்த அம்மாக்கள். தேடிச் சேர்த்துவைப்பதற்கென்றே 1987-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பலருக்கு அவர் கொண்டுவந்த செய்தி, 'உங்கள் அம்மா போன வருஷம்வரை இருந்தார்' என்பதுதான்.

2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் கேட்டார். 2018-ல் பிரிட்டனின் விசாரணை ஆணையம், போருக்குப் பிறகு அனுப்பப்பட்ட சுமார் நாலாயிரம் பேருக்கு நடந்ததற்கு அரசாங்கமே முதன்மைப் பொறுப்பு என்று எழுதி, உயிரோடிருப்பவர்களுக்கு நஷ்டஈடு தரச் சொன்னது. 2019-ல் தலைக்கு 20,000 பவுண்டு. வாங்கியவர்களில் பலர் எண்பதை நெருங்கியவர்கள்.

இதற்கு எதிராக ஒரு பலமான வாதம் உண்டு. அதைத் தாண்டாமல் போனால் யோக்கியமில்லை. கனடாவில் இன்றைக்குப் பத்தில் ஒருவராவது அந்தப் பிள்ளைகளின் வம்சம் என்கிறார்கள். டாக்டர்கள், வாத்தியார்கள், ஐந்நூறு ஏக்கர் கோதுமைக்காரர்கள். அவர்களில் ஒருவர் நம்மிடம், 'எங்கள் தாத்தாவைக் கப்பலேற்றாமல் இருந்திருந்தால் நான் ஏது? இந்த வாழ்க்கை ஏது? எதற்காக மன்னிப்பு?' என்று கேட்டால் என்ன சொல்வது?

நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். எந்த அநியாயத்துக்குப் பிறகும் யாராவது பிறக்கத்தான் செய்வார்கள். பஞ்சத்துக்குப் பிழைத்து வந்தவர்கள், போரில் ஓடிவந்தவர்கள், எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அந்தப் பேரன் நன்றாக இருப்பது அவன் தாத்தாவின் கெட்டிக்காரத்தனம். அதை எடுத்து அனுப்பியவர்களின் வரவுப் பக்கத்தில் எழுதுவது, கணக்கு பாஷையில் சொன்னால், அடுத்தவன் ரசீதை நம் ஃபைலில் சொருகுவது. தாத்தாவிடம் அவருடைய பன்னிரண்டாவது வயதில், மாட்டுக் கொட்டகையில், ராத்திரி பத்து மணிக்குக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? பேரன் சார்பில் தாத்தா பேசலாம். தாத்தா சார்பில் பேரன் பேச முடியாது.

'அதெல்லாம் பழைய கதை சார்' என்கிறீர்களா? 2005-ல் ஆஸ்திரேலியா ஒரு விதி கொண்டுவந்தது. விடுமுறையில் வந்து வேலையும் பார்க்கும் விசாவில் இருக்கும் வெளிநாட்டு இளைஞர்கள், இன்னொரு வருடம் தங்க வேண்டுமென்றால் மூன்று மாதம் கிராமப்புறத்தில் அறுவடை வேலை செய்திருக்க வேண்டும். 88 நாள் கணக்கு. பிரிட்டிஷ் பையன்களும் பெண்களும் திரும்பவும் அதே மண்ணுக்கு வண்டி ஏறினார்கள், இம்முறை முதுகுப்பையோடு, சொந்தக் காசில், வயது வந்தவர்களாக. பெரும்பாலோருக்கு அது ஜாலியான அனுபவம்தான். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் பண்ணைக்காரர். 88-ல் எண்பது நாள் முடித்தவன், கூலியைக் குறைத்தாலும் வேறு என்ன செய்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பானா மாட்டானா? கூலி ஏமாற்று, பாலியல் தொல்லை என்று புகார்கள் குவிந்தன. 2021-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின் பலனாக, 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும் அந்தப் பண்ணைக் கட்டாயம் நீங்கிவிட்டது. மற்ற பல நாட்டுப் பிள்ளைகளுக்கு 88 தொடர்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1934-ல் ஃபேர்பிரிட்ஜ் பள்ளிகளுக்காக நிதி திரட்டியபோது ஆயிரம் பவுண்டு கொடுத்துத் தொடங்கி வைத்தவர் அன்றைய வேல்ஸ் இளவரசர். இங்கிலாந்துப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பண்ணைக்குப் போக. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், இன்னொரு வேல்ஸ் இளவரசர் (இப்போது மன்னர் சார்லஸ்) வீடியோவில் தோன்றி, நம் நாட்டு வயலில் பழம் பறிக்க வாருங்கள் என்று சொந்த மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆர்வமாகப் பெயர் கொடுத்தவர்கள் நிறைய. வயலில் நிலைத்தவர்கள் கொஞ்சம். அடுத்த வருடமே அந்தப் பிரசாரத்தை மூட்டை கட்டினார்கள்.

பழம் அழுகக் கூடாதில்லையா? 2019-ல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் விசாவில் சமீப வருடங்களில் ஆண்டுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம். உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், நேபாளம், இந்தோனேஷியா என்று வருகிறார்கள். ஆறு மாதம் வேலை, பிறகு திரும்பிவிட வேண்டும். ஆக, இவர்களுக்கு 'வா' இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. 2022-ல் கென்ட் மாவட்டத்துப் பண்ணைக்கு இந்தோனேஷியாவிலிருந்து வந்த சிலரிடம் பத்திரிகைக்காரர்கள் பேசினார்கள். ஊரில் தரகர்களுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்துவிட்டு, கடனோடு வந்திருந்தார்கள். நிலத்தை, வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. சீசன் எப்போது முடியும், எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்பதெல்லாம் ஸ்ட்ராபெர்ரி பழுப்பதைப் பொறுத்தது. ஆறு மாதம் முடிந்தால் விமானம் ஏறலாம். ஏறி இறங்கினால், வாசலில் தரகர் நிற்பார்.